தரவுத்தளச் சேவையகமும் காலக்கணக்குக் கருவிகளும்

கணிப்பொறி நூல் கற்கும் மாணவர் நிரல் எழுதும் முறையைப் பல ஆண்டுகள் பயில்கின்றனர். எழுதி முடித்த நிரல் தன் காலத்தை எங்கே செலவிடுகின்றது என்று காணும் முறையைப் பயில்வோர் அவருள் மிகச் சிலரே. இக்குறை சிறு நிரல்களில் வெளிப்படாது. ஆயிரம் பேர் ஒரே வேளையில் வினா விடுக்க, அத்தனை பேர்க்கும் விடையிறுக்கும் கடப்பாடுடைய தரவுத்தளச் சேவையகம் ஒன்றன் பொறுப்பை ஏற்கும் அன்றே அது வெளிப்பட்டுவிடும். 'சேவையகம் மெதுவாக ஓடுகின்றது' என்று தொலைபேசியிற் குறை கூறுவார்க்கு யாது விடை சொல்வது? நினைவகம் போதவில்லை என்பார் ஒருவர். வட்டு பழுது என்பார் மற்றொருவர். புதிய பொறி வாங்குக என்பார் வேறொருவர். மூவரும் ஊகித்துக் கூறுவோரே. அளந்து கூறுவாரைக் காண்பது அரிது.

டொனால்டு கனூத் என்னும் ஸ்டான்போர்டுப் பேராசிரியர், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பெற்ற நிரல்கள் பலவற்றை ஆராய்ந்து, 1971-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரு நிரலின் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த பகுதியே பொதுவாக அதன் ஓட்ட காலத்திற் பாதிக்கு மேற்பட்டதைக் கொள்ளும் என்பது அது. அந்நான்கு பங்கு எது என்பதை நிரலை எழுதினவர்தாமும் முன்கூட்டி அறிதல் அரிது. அதனை அறிவிக்கும் கருவியையே புரொபைலர் என்கின்றனர். யாம் அதனைக் காலக்கணக்குக் கருவி என்று இக்கட்டுரையில் வழங்குவோம். கருவிகள் பலவாதலின், தரவுத்தளச் சேவையகத்திற்கு எது ஏற்றது, எது ஏலாதது, ஏன் ஏலாதது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

கணக்கெடுக்கும் வழி இரண்டு. நம் கல்லூரி நூல்நிலையத்தில் மாணவர் எவ்வெப் பகுதியில் மிகுதியாகத் தங்குகின்றனர் என்று அறிய வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு வாயிலிலும் ஓர் எழுத்தரை அமர்த்தி, புகுவார் புறப்படுவார் அனைவரையும் ஏட்டிற் பதியச் செய்வது ஒரு வழி. கண்காணிப்பாளர் ஒருவர் அவ்வப்போது உள்ளே எட்டிப் பார்த்து, அந்நொடியில் யார் எங்கே இருக்கின்றனர் என்று மட்டும் குறித்துக்கொண்டு செல்வது மற்றொரு வழி. முன்னையது துல்லியமானது, ஆயினும் வாயிலில் நின்று பெயர் எழுதுவதிலேயே மாணவர் பொழுது கழியும். ஒரு நொடிக்குள் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டிய அகராதிப் பகுதியில் இத்தீமை பெரிதாகும். பின்னையதில் எவர்க்கும் தடையில்லை. சிறு பிழை மட்டும் உண்டு. நிரலின் ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் கணக்குப் பதியும் கட்டளையைப் புகுத்துவது முதல் வழி. செயலியை நொடிக்குச் சில முறை இடைமறித்து, 'இப்பொழுது எந்தச் செயற்கூறு ஓடுகின்றது?' என்று கேட்டுக் குறிப்பது இரண்டாம் வழி. இதற்கு மாதிரியெடுத்தல் என்பது பெயர்.

அப்பிழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. ஒரு செயலியில் நொடிக்கு 99 முறை வீதம் 60 நொடிகள் மாதிரியெடுத்தால் 5,940 மாதிரிகள் கிடைக்கும். மொத்த காலத்தில் நூற்றில் ஒரு பங்கு கொள்ளும் செயற்கூறு அவற்றுள் ஏறக்குறைய 59-இல் தோன்றும். இவ்வகை எண்ணிக்கையின் ஊசலாட்டம் அதன் வர்க்கமூலத்தளவினதாதலால், 59 என்பது எட்டு கூடவோ குறையவோ செய்யலாம். நூற்றில் ஒரு பங்கு என்பது 0.9 ஆயினும் 1.1 ஆயினும் நம் முடிவு மாறப்போவதில்லை. நூற்றில் ஐம்பது பங்கு கொள்ளும் செயற்கூறோ மறைய வழியேயில்லை. ஆகவே, 'மாதிரி வெறும் உத்தேசந்தானே' என்று அதனை இகழ்வது தகாது.

நூறு என்னாது 99 என்றது என்னை எனின், பொறியினுள் வேறு பல வேலைகள் நொடிக்கு நூறு முறை, ஆயிரம் முறை என்று முழு எண் வீதத்தில் நிகழ்வன. கண்காணிப்பாளர் எப்பொழுதும் மணியடிக்கும் வேளையிலேயே நூல்நிலையத்தை எட்டிப் பார்ப்பாராயின், மாணவர் எந்நேரமும் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டே இருக்கின்றனர் என்ற முடிவுக்கே வருவார். 99 என்னும் எண் அவ்வொருமித்த நடையைத் தவிர்க்கின்றது.

இனி, கருவிகளைத் தனித்தனியே காண்போம். ஜிப்ரோஃப் என்பது பழமையும் புகழும் உடையது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நிலையத்தைச் சார்ந்த சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்கூசிக் என்னும் மூவர் 1982-இல் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். கால அளவை மாதிரியாலும், அழைப்பு எண்ணிக்கையைப் புகுத்திய கட்டளையாலும் பெறுவது இதன் முறை. பாடநூல்கள் பலவற்றில் இன்றும் முதலில் கூறப்படுவது இதுவே. யானும் இதனையே முதலிற் கையாண்டேன். அதனால் மூன்று வாரம் இழந்தேன். அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைக்கின்றேன்.

யான் பணியாற்றிய ஓரிடத்தில், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பெயர்கள் கொண்ட பதிவேடு ஒன்று இருந்தது. பெயர்களைத் தமிழ் நெடுங்கணக்கு முறையில் வரிசைப்படுத்திப் பட்டியல் தருவது நாள்தோறும் பலமுறை நிகழும் வேலை. அது பொறுக்கவொண்ணாதபடி தாமதமாயிற்று. ஜிப்ரோஃபைப் பயன்படுத்த வேண்டுமாயின் சேவையகத்தையே அதற்குரிய கட்டளையுடன் மீண்டும் தொகுத்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதற்கு ஒரு தெரிவு வைத்திருக்கின்றது. ஒவ்வோர் இணைப்புக்கும் அது தனித்தனிப் பிராசஸ் ஒன்றைத் தோற்றுவிப்பதாதலின், கணக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைவில் எழுதப்படும். அதுவும் அப்பிராசஸ் முறையாக முடிவடையும்போதே எழுதப்படும். எம் இணைப்புகளோ நாட்கணக்கில் முடியாது நிற்பன. இவற்றையெல்லாம் சரிசெய்து கணக்கைப் பெற்றபோது, பதிவேட்டின் வரிகளைப் பிரித்துப் பத்திகளாக்கும் செயற்கூறு முதல் வரிசையில் நின்றது. அதுவே குற்றவாளி என்று துணிந்தேன். அட்டவணையை இரண்டாகப் பகுத்தேன். பெயர்ப் பத்தியை முன்னே கொணர்ந்தேன். அதனைச் சார்ந்த நிரல்களை மாற்றி எழுதச் செய்து உடன்பணியாற்றினோர்க்கும் உழைப்பு வைத்தேன். முடிவிற் பட்டியல் வந்த நேரம் முன்னிருந்ததினின்றும் கண்ணுக்குத் தெரியுமளவு குறையவில்லை.

காரணம் யாதெனின், ஜிப்ரோஃப் தன்னோடு தொகுக்கப்பெற்ற பகுதியை மட்டுமே அளக்கும். ஓடும்போது வந்து இணையும் பொது நூலகங்களினுள் செலவாகும் காலம் அதன் கண்ணிற் படாது. இரு பெயர்களை மொழிமுறைப்படி ஒப்பிடும் ஸ்ட்ர்கால் என்னும் செயற்கூறு, சி நூலகம் என்னும் அப்பொது நூலகத்தினுள்ளே இருப்பது. மூன்று இலட்சம் பெயர்களை வரிசைப்படுத்த ஏறக்குறைய 50 இலட்சம் ஒப்பீடுகள் வேண்டும். அவ்வளவும் ஏட்டில் எழுதப்படாத ஓர் அறையினுள் நடந்தன. ஏட்டில் எழுதப்பட்டவற்றுள் பெரியதை யான் குற்றவாளியென்று பிடித்தேன்.

ஜிப்ரோஃபுக்கு மற்றொரு குறையும் உண்டு. ஒரு செயற்கூற்றை இருவர் அழைத்தால், அதன் காலத்தை அழைப்பு எண்ணிக்கையின் விகிதப்படி இருவர்க்கும் பங்கிடும்; ஒவ்வோர் அழைப்பும் ஒரே கால அளவினது என்பது அதன் எண்ணம். ஒருவர் ஆயிரம் முறை சிறு எண்களை ஒப்பிடச் சொல்ல, மற்றொருவர் ஆயிரம் முறை நீண்ட பத்திகளை ஒப்பிடச் சொன்னாலும், இருவர் தலையிலும் சரிபாதி ஏற்றிவிடும். ஒரே செயற்கூறு பற்பல அளவுடைய தரவுகளைக் கையாளுவதே தரவுத்தளத்தின் இயல்பு. ஆதலால், சிறு கணக்கு நிரல்களுக்குத் துணையாகும் இக்கருவி சேவையகத்திற்குத் தகாது என்பதே என் கருத்து.

வால்கிரைண்டு என்னும் தொகுதியைச் சார்ந்த கால்கிரைண்டு, கேச்கிரைண்டு என்பன வேறு வகையின. இவை நிரலைப் போலிச் செயலி ஒன்றன்மேல் ஓட்டி, ஒவ்வோர் ஆணையையும் எண்ணிவிடும். பொது நூலகங்களும் தப்பா. ஆயினும் நிரல் பல பத்து மடங்கு மெதுவாக ஓடும். அன்றியும், பல இழைகள் இருந்தாலும் ஒரு வேளையில் ஓர் இழையையே ஓடவிடும். மைசீக்வெல் போன்று ஒரே பிராசஸினுள் நூற்றுக்கணக்கான இழைகளை வைத்து நடத்தும் சேவையகத்தை இவ்வாறு அளந்தால், நாம் அளப்பது அச்சேவையகத்தையன்று, அதன் நிழலை. எனினும், இவற்றின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மாறாது வரும் என்பது பெருஞ் சிறப்பு. சீக்வெலைட் என்னும் சிறு தரவுத்தள நூலகத்தை ஆக்குவோர், நூற்றில் ஒரு பங்கினும் சிறிய சீர்திருத்தங்களையும் கேச்கிரைண்டால் அளந்து காண்கின்றனர். கடிகாரத்தால் அளந்தால் அத்துணைச் சிறு வேறுபாடு வேறு ஓசைகளில் மூழ்கிப்போம். ஆய்வுக்கூடத்தில் ஒரு வினாவைத் தனியே வைத்து ஆராய்வார்க்கு இவை ஏற்றன. மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சேவையகத்திற்கு அல்ல.

லினக்ஸ் அமைப்பில் இன்று முதலில் நாடத்தக்கது பெர்ஃப் என்னும் கருவி. இது 2009-இல் வெளிவந்த 2.6.31 என்னும் கெர்னலோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன் வழங்கிய ஓப்ரொஃபைல் என்பதன் கெர்னற் பகுதி 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. பெர்ஃப் செயலியின் உள்ளேயுள்ள எண்ணிகளைக் கொண்டு மாதிரியெடுக்கும். சேவையகத்தை மீண்டும் தொகுக்க வேண்டுவதில்லை, நிறுத்த வேண்டுவதில்லை, பொது நூலகமும் கெர்னலும் ஒருங்கே தெரியும். போஸ்ட்கிரெஸில் ஒரு வினாவை மட்டும் ஆராய வேண்டுமாயின், அவ்விணைப்பின் பிராசஸ் எண்ணைச் சேவையகத்தினிடமே கேட்டறிந்து, அவ்வெண்ணோடு பெர்ஃபைப் பிணைக்கலாம். பொறி முழுவதும் திணறும்போது தனி எண்ணைப் பற்றாது முழுப் பொறியையும் அளத்தல் வேண்டும். குற்றவாளி தரவுத்தளமே அன்று, அருகில் ஓடும் காப்புப்படி நிரல் என்று தெரிய வருவதும் உண்டு.

மூன்று வாரம் வீணான பின், யான் பெர்ஃபை 60 நொடி ஓட்டிப் பார்த்தேன். ஸ்ட்ர்கால் பாதிக்கு மேற்பட்ட காலத்தை விழுங்கிக்கொண்டு முதல் வரியில் நின்றது. அவ்வரியை நோக்கிக்கொண்டு சிறிது நேரம் யாதும் பேசாதிருந்தேன்.

ஆயினும் பெர்ஃபைக் கையாள்வார் ஒன்றை முன்னரே ஆய்ந்து கொள்ளுதல் வேண்டும். எந்தச் செயற்கூறு ஓடுகின்றது என்பது மட்டும் போதாது. அதனை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்னும் அழைப்புத் தொடரும் வேண்டும். ஒப்பீடு மிகுந்தது எனின், அது வரிசைப்படுத்தலால் வந்ததா, தேடலால் வந்ததா என்பதன்றோ வினா? அத்தொடரை மீட்கும் வழி மூன்று. நிரல் தன் அடுக்கில் ஃபிரேம் பாயிண்டர் என்னும் சுட்டியை வைத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக எளிதிற் பற்றிச் செல்லலாம். ஒரு பதிவகத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கம்பைலர்கள் அச்சுட்டியை நெடுங்காலம் விட்டுவிட்டன. அவ்வாறு விடப்பட்ட நிரலில் தொடர் இடையில் அறுந்து, பொருளற்ற எண்களாக முடியும். இதனாற் பலரும் இடர்ப்பட்டமையின், ஃபெடோரா 2023-இல் வந்த 38-ஆம் பதிப்பிலும், உபுண்டு 2024-இல் வந்த 24.04 பதிப்பிலும் தம் பொதிகளை மீண்டும் அச்சுட்டியுடன் தொகுக்கத் தொடங்கின.

சுட்டியில்லா நிரலுக்கு ட்வார்ஃப் என்னும் குறிப்பைக் கொண்டு தொடரை மீட்கலாம். அதற்காக ஒவ்வொரு மாதிரியோடும் அடுக்கிலிருந்து 8,192 பைட்டுகளைப் பெர்ஃப் படியெடுத்து வைக்கும். 32 செயலிகள் உள்ள பொறியில், நொடிக்கு 99 வீதம் ஒரு நிமிடம் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை ஜிகாபைட் சேரும். வட்டு ஏற்கெனவே திணறும் சேவையகத்தில் இதனைச் செய்வது, மூச்சு முட்டுவோன் மார்பில் ஏறி அமர்ந்து நாடி பார்ப்பது போலாம். மூன்றாவது, இன்டெல் செயலிகள் அண்மைக் கிளைத்தாவல்களைத் தாமே குறித்து வைக்கும் வசதி. இது விரைவுடையது, ஆனால் ஸ்கைலேக் வகையில் 32 படிகள் அளவே நினைவிற் கொள்ளும். தரவுத்தளத்தின் வினா நிறைவேற்றம் பல படி ஆழத்திற் செல்வதாதலின், அடி மரம் தெரியாது கிளை மட்டும் தெரிவதும் உண்டு. இம்மூன்றனுள் முதலதே சேவையகத்திற்குத் தக்கது என்று கொள்க.

மெய்நிகர் பொறிகளிற் செயலியின் எண்ணிகள் பல வேளைகளில் விருந்தினர்க்கு மறுக்கப்படும். அப்பொழுது பெர்ஃப் கடிகாரத்தைக் கொண்டே மாதிரியெடுக்கும். பெரும்பாலான தேவைக்கு அதுவும் போதும். இன்டெல் நிறுவனத்தின் விடியூன் என்பது செயலியின் உள்நிலைகளை, அதாவது நினைவகத்திற்குக் காத்தது எவ்வளவு, கிளைத்தாவலைப் பிழைபட ஊகித்தது எவ்வளவு என்பவற்றை, நுணுகிக் காட்ட வல்லது. தரவுத்தளத்தை ஆக்குவோர்க்கு அது வேண்டும்; நடத்துவோர்க்குப் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

மாதிரிகளைத் திரட்டிய பின் அவற்றைப் படிப்பது எங்ஙனம்? பிரெண்டன் கிரெக் என்பார் 2011-இல் ஜாயண்ட் என்னும் நிறுவனத்தில் மைசீக்வெல் சேவையகம் ஒன்றன் செயலிச் சுமையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அழைப்புத் தொடர்கள் இலட்சக்கணக்கான வரிகளாகக் குவிந்தன. அவற்றை ஒரே படத்தில் அடக்க அவர் வகுத்ததே தீச்சுடர் வரைபடம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பெட்டிகளில், கீழ்ப்பெட்டி அழைத்தவர், மேற்பெட்டி அழைக்கப்பட்டவர்; அகலம் மாதிரிகளின் எண்ணிக்கை. இடமிருந்து வலமாகக் காலம் செல்கின்றது என்று மயங்குவார் பலர். பெட்டிகள் அகரவரிசையில் நிறுத்தப்படுவனவே. காலத்திற்கும் அவ்வரிசைக்கும் தொடர்பில்லை. தரவுத்தளச் சேவையகம் ஒன்றன் ஆராய்ச்சியிலேயே இப்படம் பிறந்தது என்பது நம் பொருளுக்கு ஒரு சிறு பெருமை.

இதுகாறும் கூறியன செயலி உழைக்கும் காலத்தைப் பற்றியன. செயலி உழைக்காது காத்திருக்கும் காலம் இக்கணக்கில் வாராது. ஒரு வினா பத்து நொடி எடுத்து, அவற்றுள் ஒன்பது நொடி வேறொருவர் வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருந்தால், பெர்ஃப் எஞ்சிய ஒரு நொடியை மட்டுமே அழகாகப் பகுத்துக் காட்டும். இதனை அறியாது தீச்சுடரின் அகலமான பெட்டியைச் செம்மை செய்வோர், பத்தில் ஒன்றைப் பாதியாக்கி மகிழ்வர். ஆதலின், கருவியைத் தேர்வதற்கு முன்னரே செயலி நிரம்ப உழைக்கின்றதா என்று டாப் என்னும் எளிய கட்டளையாற் பார்த்துக்கொள்க. உழைக்கவில்லையெனின், போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் எதற்காகக் காத்திருக்கின்றது என்று காட்டும் பத்திகள் 2016-இல் வந்த 9.6 பதிப்பு முதல் உள்ளன, அவற்றை நோக்குக. மைசீக்வெலில் ஜிடிபியைக் கொண்டு எல்லா இழைகளின் அழைப்புத் தொடரையும் சிலமுறை அச்சிட்டு, ஒத்தவற்றைக் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்று வழங்குகின்றது. அதற்கு ஏழையின் காலக்கணக்கி என்று நகைச்சுவையாகப் பெயரிட்டனர். காத்திருப்பும் அதிற் புலனாகும். ஆனால், அச்சிடும் அளவும் சேவையகம் முழுவதும் அசைவற்று நிற்கும். நெருக்கடி வேளையில் ஒரு முறை மன்னிக்கப்படும். மீண்டும் மீண்டும் செய்தால் வாடிக்கையாளர் தொலைபேசியை எடுத்துவிடுவர்.

உழைப்பும் காத்திருப்பும் ஒன்றுபோல் தோன்றும் இடமும் உண்டு. போஸ்ட்கிரெஸில் எஸ்-லாக் என்னும் செயற்கூறு கணக்கின் தலைவரியில் வந்தால், செயலி உழைப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பூட்டுத் திறக்குமா என்று வாயிலில் சுற்றிச் சுற்றி வருகின்றது. அச்செயற்கூற்றை விரைவுபடுத்துவதனால் ஆவதொன்றில்லை. அழைப்புத் தொடரைப் பற்றிக் கீழே சென்று, எந்தப் பூட்டு, அதனை அவாவுவோர் எத்துணையர் என்று காணுதல் வேண்டும். தொடரில்லாக் கணக்கு இவ்விடத்தில் முற்றும் பயனற்றது.

எம் பதிவேட்டின் கதைக்கு வருவோம். ஸ்ட்ர்காலை அகற்ற எளிய வழி ஒன்றுண்டு: மொழிமுறையைக் கைவிட்டு, எழுத்துகளின் குறியெண் வரிசையிலேயே ஒப்பிடச் செய்வது. அது மிக விரைவானது. ஆனால், யூனிகோடு அட்டவணையில் னகரம் பகரத்திற்கு முன்னே வைக்கப்பட்டிருக்கின்றது. நம் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி மெய். குறியெண் வரிசையில் 'கனகம்' முன்னும் 'கபிலன்' பின்னும் வரும். தமிழ் முறை இதற்கு நேர்மாறு. பட்டியலைப் படிப்பவர் தமிழராதலின் இவ்வழி எமக்கு அடைபட்டது. பெயர்கள் நாள்தோறும் மாறுவன அல்ல என்பதை எண்ணி, தமிழ் வரிசையிலேயே அப்பத்திக்கு இண்டெக்ஸ் ஒன்றை அமைத்தோம். ஒப்பீடுகள் பெயர் சேரும்போது ஒரு முறை நிகழ்ந்து முடிந்தன. பட்டியல் கேட்குந்தோறும் 50 இலட்சம் ஒப்பீடுகள் செய்யவேண்டிய நிலை ஒழிந்தது. இதற்கு ஒரு நாளும் முழுதாகச் செல்லவில்லை.

இவ்வழிக்கும் ஒரு காவல் வேண்டும். ஜிலிப்சி என்னும் சி நூலகம் 2018-இல் 2.28 பதிப்பில் தன் மொழிவரிசைகளை மாற்றிக்கொண்டது. பழைய வரிசையில் அமைந்த இண்டெக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு நூலகத்தை மட்டும் மாற்றினால், பதிவேட்டில் உள்ள பெயரையே சேவையகம் இல்லையென்று சொல்லக்கூடும். பொறியின் அமைப்பைப் புதுப்பித்த அன்று இண்டெக்ஸை மீண்டும் அமைத்தோம். பின்னர் 60 நொடி பெர்ஃபை ஓட்டிப் பார்த்தபோது ஸ்ட்ர்கால் முதல் இருபது வரிகளில் இல்லை. தலைவரியில் நின்றது, யான் முன்பு மூன்று வாரம் பழி சுமத்திய அச்செயற்கூறே. இம்முறை அதன் பங்கு நூற்றில் எட்டு.